அரக்கனைத் திரும்ப எழுதியவர்கள்

வால்மீகி இராமாயணத்தின் இராவணன் பத்துத் தலையும் இருபது கையும் கொண்டவன். முனிவர்களின் வேள்விகளைக் குலைப்பவன், பிறர் மனைவியரைக் கவர்ந்து வருபவன், தேவர்களை ஏவல் கொண்டவன். ஆனால் கதாநாயகனுக்கு ஓர் எதிரி வேண்டும் என்பதற்காகச் செய்து நிறுத்திய வெறும் பூச்சாண்டி என்று அவனைத் தள்ளிவிட முடியாது. அந்த ஆதி நூலிலேயே அதற்கு இடம் கொடுக்காத பகுதிகள் உண்டு. இரவில் இலங்கைக்குள் நுழையும் அனுமன், அந்தப்புரத்தில் உறங்கும் இராவணனைப் பார்க்கிறான். அங்கே அவனுக்கு ஒரு முகம்தான், இரண்டு கைகள்தான். பிறகு கட்டுண்டவனாக அரசவையில் நிற்கும்போதும் அனுமன் மனத்தில் முதலில் எழுவது வியப்பு. இந்த அழகும் வீரமும் பொலிவும் அறத்தோடு சேர்ந்திருந்தால் தேவருலகையே ஆளத்தக்கவன் இவன் என்று எண்ணுகிறான்.

உத்தர காண்டம் இன்னும் பின்னால் போய் அவன் பிள்ளைப் பருவத்தைச் சொல்கிறது. தந்தை விசிரவசு, புலத்தியர் வழிவந்த முனிவர். தாய் கைகசி, அரக்கர் குலப் பெண். மூத்தாள் மகன் குபேரன் புட்பக விமானத்தில் வந்து இறங்குவதைக் காட்டி, நீயும் இவனைப் போல் ஆக வேண்டும் என்று கைகசி மகனிடம் சொல்கிறாள். அந்தச் சொல் தைத்த பிறகே அவன் தவத்துக்குப் போகிறான். தேவர், கந்தருவர், இயக்கர், அரக்கர் எவராலும் சாவு வரக்கூடாது என்று வரம் கேட்கிறான். மனிதர்களை ஒரு பொருட்டாகவே நினைக்காததால் அவர்களைச் சேர்க்காமல் விடுகிறான். பொறாமை ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை, அளவற்ற ஆற்றல், அந்த ஆற்றலுக்குள்ளேயே ஓர் ஓட்டை என ஒரு பெரிய துயரக் கதைக்கு வேண்டியவை எல்லாம் இங்கேயே இருக்கின்றன.

ஆகவே இராவணனைத் திரும்ப எழுதியவர்கள் யாரும் அவனை வெறுமையிலிருந்து படைக்கவில்லை. மூலத்தில் கிடந்த இழைகளில் ஒன்றைப் பிடித்து இழுத்தார்கள். யார் எந்த இழையைப் பிடித்தார் என்று பார்த்தால் அவரவர் காலம் எதைப் பற்றிக் கவலைப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

முதலில் பிடித்து இழுத்தவர்கள் சமணர்கள். பிராகிருதத்தில் விமலசூரி இயற்றிய பௌமசரியம், கி.பி. முதல் ஐந்து நூற்றாண்டுகளுக்குள் எழுந்த நூல். அதன் தொடக்கத்தில் சிரேணிக மன்னன் சமண முனிவர் கௌதமரிடம் தன் ஐயங்களைக் கேட்கிறான். அரக்கர்கள் இறைச்சியும் இரத்தமும் உண்டவர்களாமே, கும்பகர்ணன் அரை ஆண்டு உறங்கினானாமே, குரங்குகள் அரக்கரை வென்றனவாமே, இவையெல்லாம் நம்பத் தக்கவையா என்பது அவன் கேள்வி. அந்தக் கேள்விகளுக்கு விடையாகவே முழுக் கதையும் விரிகிறது. விமலசூரியின் இராவணன் அரக்கன் இல்லை. வித்தியாதரர் குலத்து அரசன், ஜினரை வணங்குபவன். குழந்தையாக இருந்தபோது கழுத்தில் அணிந்த மணிமாலையில் அவன் முகம் ஒன்பது மணிகளிலும் தெரிந்தது. அதனால் பத்து முகத்தான் என்று பெயர் வந்தது. விரும்பாத பெண்ணைத் தீண்டுவதில்லை என்று ஒரு முனிவர் முன்னிலையில் நோன்பு ஏற்றவன் அவன். சீதையிடத்தில் கொண்ட ஆசை ஒன்றே அவனை வீழ்த்துகிறது. இந்தக் கதையில் இராமன் கொல்லாமை காப்பவன், ஆகையால் இராவணனைக் கொல்வது இலக்குமணன். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் நரகம் போகிறார்கள். பின்னொரு பிறவியில் இராவணன் தீர்த்தங்கரனாக வருவான் என்பதும் சமண மரபு.

நம்ப முடியாததை அறிவுக்கு ஒத்ததாக மாற்ற வேண்டும் என்ற இந்த வேட்கை பிற்கால மறுகதைகள் பலவற்றிலும் தொடர்ந்து வருகிறது. பௌத்தர்கள் வேறு திசையில் போனார்கள். இலங்காவதார சூத்திரத்தில் இராவணன் புத்தரை இலங்கைக்கு அழைத்து, வணங்கி, ஐயம் கேட்டுத் தெளியும் மாணவன். அங்கே போரும் இல்லை, சீதையும் இல்லை.

தமிழில் இராவணன் வெகு முன்பே வந்துவிட்டான். கலித்தொகையின் குறிஞ்சிப் பாடல் ஒன்றில், இமயத்தை எடுக்க முயன்று கை நசுங்கிய அரக்கர் தலைவன் ஓர் உவமையாக நிற்கிறான். வேங்கை மரத்தைப் புலி என்று எண்ணிக் குத்திக் கோடு சிக்கிக்கொண்ட யானைக்கு அந்த உவமை. அகநானூற்றிலும் புறநானூற்றிலும் இராமன் கதையின் துணுக்குகள் உண்டு. இவற்றில் வெறுப்பின் சூடு இல்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒரு செய்தியைத் தொட்டுச் செல்லும் தொனிதான் இருக்கிறது.

தேவார காலத்தில் அதே மலை எடுத்த கதை பக்தியின் கதையாகிறது. சிவன் கால் விரலை ஊன்றுகிறான், மலைக்கடியில் இராவணன் நெரிகிறான், நரம்பை மீட்டிச் சாமகீதம் பாடுகிறான், இறைவன் மகிழ்ந்து வாளும் பேரும் கொடுத்து அனுப்புகிறான். திருஞானசம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாடல் பெரும்பாலும் இந்த நிகழ்ச்சிக்கு உரியது. திருநாவுக்கரசரும் பல பதிகங்களை இராவணனைச் சொல்லியே முடிக்கிறார். இராவணன் அளவுக்குத் தவறியவனுக்கும் அருள் உண்டென்றால் மற்றவருக்கு ஏன் இல்லை என்பது அந்தப் பாடல்களின் உட்கிடை. சைவத் தமிழரின் மனத்தில் இராவணன் முதலில் சிவபக்தனாகவும் இசைவாணனாகவும் இடம்பிடித்தது இவ்வாறுதான். அவன் கொடியில் வீணையை வைத்த மரபும் இந்த எண்ணத்தோடு ஒட்டியது. எல்லோராவின் கயிலாசநாதர் கோயிலில் மலையின் அடியில் திமிறும் இராவணனைச் செதுக்கிய எட்டாம் நூற்றாண்டுச் சிற்பியும் அவனிடத்தில் கண்டது ஆற்றலின் அழகைத்தான்.

இந்த இரண்டு மரபுகளும் பழுத்திருந்த மண்ணில் கம்பர் எழுத வந்தார். அவர் வைணவப் பற்றுடையவர். இராமனைத் திருமாலாகவே பாடுகிறவர். இராவணனின் குற்றத்தை எங்கும் மழுப்பாதவர். இருந்தும் இந்தியாவில் எழுதப்பட்ட இராவணர்களில் மிக நிறைவான மனிதன் அவருடைய இராவணன்தான். அதை அவர் எப்படிச் சாதித்தார் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

தங்கை சூர்ப்பணகை வந்து சீதையின் அழகை வருணிக்கிறாள். கண்ணால் காணுமுன்பே இராவணனைக் காதல் பற்றிக்கொள்கிறது. உடல் கொதிக்கிறது. பருவங்களை மாற்றச் சொல்கிறான், மாறுகின்றன. நிலவை வரச் சொல்கிறான், அது சுடுகிறது. கதிரவனை வரச் சொல்கிறான். வானமே அவன் ஏவலுக்கு ஓடி ஓடி உழைக்கிறது, உள்ளத்தின் தீ மட்டும் தணியவில்லை. மூவுலகையும் ஆள்பவனால் தன்னை ஆள முடியவில்லை என்பதை இதைவிடப் பெரிய காட்சியாக யாரும் அமைத்ததில்லை.

சீதையைக் கவரும் இடத்தில் வால்மீகியின் இராவணன் அவள் கூந்தலையும் தொடையையும் பற்றித் தூக்குகிறான். கம்பரின் இராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துச் செல்கிறான். சீதையின் தூய்மையைக் காப்பது கம்பரின் நோக்கம். விரும்பாத பெண்ணைத் தொட்டால் அழிவு என்ற சாபத்தையும் காரணமாகச் சொல்கிறார். ஆனால் விளைவு இராவணன் மேலும் படிகிறது. அத்தனை வலிமையும் இருந்து ஒரு விரலால்கூடத் தீண்ட முடியாத தொலைவில் அவன் நிற்கிறான். அசோகவனத்தில் அவன் கெஞ்சும் பகுதிகளை இந்த நினைவோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

முதல் நாள் போரில் படையும் தேரும் வில்லும் முடியும் இழந்து நிற்கிறான். இராமன் அவனைக் கொல்லாமல், இன்று போய் ஓய்வெடுத்து மறுநாள் வரச் சொல்கிறான். வால்மீகியிலும் இது உண்டு. ஆனால் அதற்கு அடுத்த காட்சி முற்றிலும் கம்பருடையது. திசை யானைகளோடு பொருத மார்பு, மலை எடுத்த தோள், இசை வல்ல நா, சிவன் கொடுத்த வாள் என்று தன்னைத் தானாக்கிய ஒவ்வொன்றையும் களத்திலேயே விட்டுவிட்டு வெறுங்கையனாக அவன் ஊருக்குள் நடக்கிறான். அந்த இரவில் அவனை வாட்டுவது தோல்வி இல்லை. வானவர் நகுவர், மண்ணோர் நகுவர், பகைவர் நகுவர், அவற்றையெல்லாம் தாங்கிக்கொள்வான். சீதை நகுவாளே என்பதுதான் அவனைக் குன்ற வைக்கிறது. தன் குலத்தையே பணயம் வைத்துக் கடத்தி வந்த பெண்ணின் சிரிப்புக்கு அஞ்சும் அரசன்! இந்த ஒரு நொடியில் அவன் பத்துத் தலைகளும் படிப்பவருக்கு மறந்து போகின்றன.

பின்னர் இந்திரசித்து, சீதையை விட்டுவிடுங்கள் என்று தந்தையிடம் சொல்கிறான். அதற்கு இராவணன் தரும் விடையில் மயக்கம் இல்லை. தன்னை நம்பித்தான் இந்தப் பகையைத் தேடிக்கொண்டதாகவும், தான் தோற்று அழிந்தாலும் இராமன் பெயர் நிற்கும் காலம்வரை தன் பெயரும் நிற்கும் என்றும் சொல்கிறான். தன் முடிவை அறிந்து அதை நோக்கி நடப்பவனின் தெளிவு அது. அவன் விழுந்து கிடக்கும்போது முகங்கள் முன்னிலும் பொலிந்தன என்று கம்பர் பாடுகிறார். மண்டோதரி வந்து, சீதைமேல் வைத்த காதல் உடம்பின் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறதோ என்று தேடித் துளைத்ததோ இந்த அம்பு என்று அழுகிறாள். மனைவியின் வாயிலிருந்து வரும்போது அந்தக் கேள்வியில் அன்பையும் பழியையும் பிரிக்க முடிவதில்லை. குற்றத்தை ஒரு துளியும் குறைக்காமல் குற்றவாளிக்கு முழு நெஞ்சத்தையும் கொடுப்பது எப்படி என்பதற்கு யுத்த காண்டம் ஒரு பாடநூல்.

கம்பருக்கு வெளியே வேறொரு கதை நாடுகள் கடந்து வளர்ந்து வந்தது. அதில் சீதை இராவணனின் மகள். ஒன்பதாம் நூற்றாண்டில் குணபத்திரர் எழுதிய சமண உத்தரபுராணத்தில், இராவணனால் தவம் கலைந்த ஒரு பெண் அவனை அழிக்க அவன் மகளாகவே பிறக்கிறாள். தீய நிமித்தம் கண்டு குழந்தையைப் பெட்டியில் வைத்து மிதிலை மண்ணில் புதைத்துவிடுகிறார்கள். தாய்லாந்தின் ராமகியனிலும் சீதை தோசகானின் மகள். தோசகான் என்பது அங்கே இராவணனின் பெயர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மன்னர் முதலாம் ராமா தொகுப்பித்த அந்தக் காப்பியத்தில் தோசகானின் இதயம் அவன் உடம்பில் இல்லை, ஒரு பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. அதைத் தந்திரமாகக் கைப்பற்றினால்தான் அவனைக் கொல்ல முடியும். பாங்காக்கின் மரகத புத்தர் கோயில் வாசலில் பச்சை நிறத் தோசகான் காவலனாக நிற்பதை இன்றும் காணலாம். கர்நாடக நாட்டுப்புறப் பாடல் ஒன்றில், வரமாகக் கிடைத்த மாம்பழத்தைத் தின்ற இராவணனே கருவுற்று, தும்மும்போது சீதையைப் பெற்றெடுக்கிறான். ஏ. கே. இராமானுஜன் தம் புகழ்பெற்ற ‘முந்நூறு இராமாயணங்கள்’ கட்டுரையில் இதை எடுத்துக் காட்டினார். அந்தக் கட்டுரையை 2011-இல் தில்லிப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. அந்த முடிவை எதிர்த்து எழுந்த குரல்களும் ஓங்கி ஒலித்தன.

மகள் என்று ஆகிவிட்ட உடனே கதையின் நிறமே வேறாகிவிடுகிறது. அறியாமல் பெற்ற மகளையே விரும்பியவனின் கதையாகவோ, அறிந்தும் உலகத்திடம் சொல்ல முடியாத தகப்பனின் கதையாகவோ அது மாறுகிறது. மலையாளத்தில் வயலார் ராமவர்மாவின் ‘ராவணபுத்ரி’ என்ற கவிதைக்கும், தமிழ் மேடையில் ஆர். எஸ். மனோகரின் ‘இலங்கேஸ்வரன்’ நாடகத்துக்கும் அடிப்படை இந்தக் கதைதான்.

நவீன காலத்தில் இராவணனின் பக்கம் நின்று முதல் பெருங்காவியத்தை எழுதியவர் வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தர். 1824-இல் பிறந்த அவர் 1848 முதல் 1856 வரை சென்னையில் வாழ்ந்து, ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் வேலை பார்த்தார். அவருடைய முதல் ஆங்கிலக் கவிதை நூல் வெளிவந்ததும் இங்கேதான், 1849-இல். ஹோமரையும் மில்டனையும் ஊன்றிப் படித்தவர். கல்கத்தா திரும்பிய பின் 1861-இல் ‘மேகநாத வத காவியம்’ வெளிவந்தது. ஒன்பது சருக்கம், எதுகை இயைபு இல்லாத புதிய யாப்பு. இராவணனை நினைத்தாலே தம் கற்பனை எழுச்சி கொள்கிறது என்றும், இராமனையும் அவன் கூட்டத்தையும் தமக்குப் பிடிக்கவில்லை என்றும் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒளிக்காமல் சொன்னார்.

காவியத்தில் அவர் செய்த மாற்றம் அந்தக் கடிதத்தைவிட நுட்பமானது. கதையின் பெரும்பாலான சம்பவங்களை அவர் அப்படியே வைத்துக்கொண்டார். எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது, யார் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்ப்பது என்பதைத்தான் மாற்றினார். மகன் வீரபாகு போரில் இறந்த செய்தியோடு இராவணன் சபையில் காவியம் தொடங்குகிறது. மேகநாதன் என்னும் இந்திரசித்து ஆயுதமின்றிப் பூசையில் இருக்கும்போது, இராவணன் தம்பி வீடணன் வழிகாட்ட இலக்குமணன் உள்ளே புகுந்து கொல்கிறான். மேகநாதனின் சிதையில் அவன் மனைவி பிரமீளையும் ஏற, இலங்கை அழுவதோடு காவியம் முடிகிறது. இராமனின் வெற்றி வரை கதை போவதே இல்லை. மகன்களை ஒவ்வொருவராகப் பறிகொடுக்கும் முதிய தகப்பனாக இராவணனைப் பார்க்கும்போது அவன் செய்த குற்றம் பின்னணியில் மங்கி நிற்கிறது, மறைந்துவிடவில்லை. பதின்ம வயதில் இந்தக் காவியத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதிய இரவீந்திரநாத் தாகூர், பிற்காலத்தில் அதற்காக வருந்தினார்.

தமிழ்நாட்டில் மறுகதை வேறொரு நெருப்பில் பிறந்தது. ஆரியர், திராவிடர் என்ற பிரிவு மொழியாராய்ச்சியிலிருந்து அரசியலுக்கு வந்த காலம் அது. இராமாயணம் வடக்கிலிருந்து தெற்கின்மேல் நடந்த படையெடுப்பின் கதை, அரக்கர் என்று இழிவாகச் சொல்லப்பட்டவர்கள் தென்னாட்டு மக்கள் என்ற வாதம் வலுத்தது. எம். எஸ். பூரணலிங்கம் பிள்ளை 1928-இல் இராவணனை மாமன்னனாக நிறுவி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். பெரியாரின் ‘இராமாயணப் பாத்திரங்கள்’ 1930-இல் வந்தது. அவர் புராண உலகுக்குள் நுழைந்து கற்பனை செய்யவில்லை. ஒவ்வொரு பாத்திரத்தையும் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தார். அந்த நூலின் இந்தி மொழிபெயர்ப்புக்கு உத்தரப் பிரதேச அரசு 1969-இல் தடை விதித்தது. உயர் நீதிமன்றம் அதை நீக்க, 1976-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

அண்ணாவின் ‘நீதிதேவன் மயக்கம்’ நாடகத்தில் அந்த விசாரணை நிஜமாகவே நடக்கிறது. மேலுலகில் இராவணன் வழக்கு மறு விசாரணைக்கு வருகிறது. குற்றம் சாட்டுபவர் கம்பர். அரக்கனுக்கு இரக்கம் இல்லை என்பது குற்றச்சாட்டு. இரக்கமில்லாதவன் எல்லாம் அரக்கன் என்றால், ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்ட துரோணரும் தாயை வெட்டிய பரசுராமரும் யார் என்று இராவணன் கேட்கிறான். நீதிதேவன் மயங்கி விழுகிறார். அரக்கன் என்று ஒருவனை அழைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை இத்தனை நேராக வைத்த படைப்பு தமிழில் வேறில்லை.

இந்த அலையின் முழு இலக்கிய வடிவம் புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’. ஐந்து காண்டங்கள், 3,100 பாடல்கள், மரபான காப்பிய இலக்கணம் வழுவாத நடை. 1946-இல் வெளியானது, 1948-இல் சென்னை மாகாண அரசு தடை செய்தது, 1971-இல் தி.மு.க. ஆட்சியில் தடை நீங்கியது. இதில் இராவணன் தமிழ் மன்னன், அவன் அரசி வண்டார்குழலி. உயிர்க்கொலை வேள்வி செய்ய வந்தவர்களைத் தடுத்ததே அவன் செய்த ‘குற்றம்’. சீதையைக் கொண்டுவருவது தங்கைக்கு இழைத்த கொடுமைக்குப் பதில். தம்பி பீடணன் காட்டிக்கொடுத்தவன். ஐந்திணை வளத்தையும் பழந்தமிழ் வாழ்வையும் பாடும் தமிழகக் காண்டம் நூலின் மிக அழகான பகுதி. ஓர் இனம் தன்னை அரக்கர் என்று எழுதிய ஏட்டைப் பறித்துத் தன் கையெழுத்தில் எழுதிய பெருமிதம் பாட்டுக்குப் பாட்டு தெறிக்கிறது. அந்தப் பெருமிதத்துக்கு அன்றைக்கு இருந்த தேவையை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் பாத்திரப் படைப்பு என்று பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இந்த இராவணன் குற்றமே இல்லாதவன். அவனிடமிருந்து கழற்றிய கொடுமை எல்லாம் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டது. அரக்கத்தனம் அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. தன்னோடு தானே போராடாத தலைவன் போற்றத் தக்கவனாக இருக்கிறான். கம்பரின் இராவணனைப் போல் இரவில் உறக்கத்தைக் கெடுப்பவனாக இல்லை. இராவண காவியத்தைப் படித்தவர்கள் பாடல்களையும் தமிழ்வளத்தையும் சொல்லி வியக்கிறார்கள். இராவணன் மனத்துக்குள் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி வியப்பவர் அரிது. அரக்கனைத் திரும்ப எழுதும் எவருக்கும் காத்திருக்கும் இடர் இது. கறையைத் துடைக்கப்போய் ஆளையே துடைத்துவிடக்கூடும்.

மேடையும் திரையும் நடுவழி ஒன்றைக் கண்டன. 1958-இல் வந்த ‘சம்பூர்ண ராமாயணம்’ பக்திப்படம்தான், என்.டி. ராமராவ் இராமனாகவும் சிவாஜி கணேசன் பரதனாகவும் நடித்தார்கள். இருந்தும் பலருடைய நினைவில் தங்கியது டி. கே. பகவதியின் இராவணன், குறிப்பாக வீணையும் இராகமுமாக அவன் சபை நிறையும் காட்சி. சிதம்பரம் எஸ். ஜெயராமனின் கனத்த குரல் அந்த அரசனுக்குப் பொருந்தி நின்றது. தேவாரம் போட்ட விதை திரையில் பூத்தது என்றே சொல்லலாம். தெலுங்கில் இராமனாகவும் கிருஷ்ணனாகவும் மக்கள் மனத்தில் இடம்பெற்ற என்.டி. ராமராவே 1958-இன் ‘பூகைலாஸ்’ படத்திலும், தாமே இயக்கிய 1961-இன் ‘சீதாராம கல்யாணம்’ படத்திலும் இராவணனாக விரும்பி நடித்தார். 2010-இல் மணிரத்னம் எடுத்த ‘ராவணன்’ கதையை இன்றைய காட்டுக்குக் கொண்டுபோனது. தங்கைக்கு நேர்ந்த வன்கொடுமைக்குப் பழிவாங்கக் காவல் அதிகாரியின் மனைவியைக் கடத்தும் வீரா, இராவண காவியத்தின் பழிக்கும் கம்பரின் காதலுக்கும் இடையே ஊசலாடுகிறான்.

இலங்கையில் இந்தக் கதைக்கு ஊர்களும் பாறைகளும் உண்டு. திருகோணமலையில் கோணேசர் கோயில் அருகே செங்குத்தாகப் பிளந்திருக்கும் பாறை ‘இராவணன் வெட்டு’. கன்னியா வெந்நீர் ஊற்றுகள் தாயின் இறுதிக் கடனுக்காக இராவணன் உண்டாக்கியவை என்பது அங்கத்துத் தமிழர் வழக்கு. அண்மை ஆண்டுகளில் சிங்களவரிடையேயும் இராவணனைத் தம் பழைய பேரரசனாகக் கொண்டாடும் போக்கு வளர்ந்திருக்கிறது. 2019-இல் விண்ணுக்குப் போன இலங்கையின் முதல் செயற்கைக்கோளின் பெயர் ‘ராவணா-1’. மூலக்கதையில் வெல்லப்பட்டவனை இன்று இரண்டு மொழியினர் தம் முன்னோன் என்கிறார்கள். வட இந்தியாவிலும் தசராவன்று அவன் உருவத்தை எரிக்காத ஊர்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் மண்டோதரி பிறந்த ஊர் அதுதான் என்று நம்புகிறவர்கள் அவனை மாப்பிள்ளை என்று மதிக்கிறார்கள்.

இந்நூற்றாண்டின் நாவல்களில் ஆனந்த் நீலகண்டனின் ‘அசுரா’ தனித்துக் குறிப்பிடத் தக்கது. 2012-இல் ஆங்கிலத்தில் வந்த அந்நூலில் இராவணன் தன் கதையைத் தானே சொல்கிறான். கூடவே பத்ரன் என்ற எளிய அசுரன் ஒருவனும் சொல்கிறான். அசுரர் ஆண்டாலும் தேவர் ஆண்டாலும் அடிபடுகிறவன் இந்தப் பத்ரன்தான். இராவணனை நல்லவனாகக் காட்டி நிறுத்தாமல், அவன் ஆட்சியின் கீழே நசுங்கியவனையும் பேச வைத்தது நாவலின் வலிமை.

அம்பையின் ‘அடவி’ சிறுகதை இதற்கு நேர்மாறான அமைதியில் எழுதப்பட்டது. காட்டில் தனியே வாழும் சீதை தன் கதையைத் தானே எழுதுகிறாள். வீணையின் ஒலி கேட்டுப் போனால் முதுமை எய்திய இராவணன் இருக்கிறான். போரும் ஆசையும் கடந்து போன பிறகு, தனக்குத் தெரிந்த இசையை அவளுக்குக் கற்றுத்தர முன்வருகிறான். தேவார காலத்து இசைவாணன் இங்கே திரும்ப வருகிறான். இம்முறை அவன் பாட்டு யாரிடமும் வரம் கேட்கவில்லை. தெலுங்கு எழுத்தாளர் வோல்காவின் ‘விமுக்த’ தொகுப்பு 2015-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அதில் சீதை காட்டில் சூர்ப்பணகையைச் சந்திக்கிறாள். மூக்கும் காதும் அறுபட்ட அந்தப் பெண் வெறுப்பைக் கடந்து, ஒரு தோட்டத்தை உண்டாக்கி வாழ்கிறாள்.

சூர்ப்பணகையின் பக்கம் மறுகதை வந்து சேர இவ்வளவு காலம் ஆனது கவனிக்க வேண்டியது. ஆண் அரக்கனுக்குத் தவம், இசை, வீரம், காதல், பிள்ளைப்பாசம் எல்லாம் கவிஞர்கள் கொடுத்தார்கள். அவனுக்காகப் பேசிய காவியங்களில்கூடத் தங்கையின் அறுபட்ட மூக்கு அண்ணனின் போருக்கு ஒரு காரணமாக மட்டுமே பயன்பட்டது. தாடகையின் நிலை இன்னும் மோசம். கம்பரே அவள் முன்கதையைச் சொல்லியிருக்கிறார்: சுகேது என்னும் இயக்கனின் மகள், கணவன் சுந்தனை அகத்தியர் எரித்துச் சாம்பலாக்கியதும், மைந்தர் இருவரோடும் நியாயம் கேட்கச் சீறி வந்தவள், அந்த முனிவரின் சாபத்தாலேயே அரக்கியானவள். கணவனை இழந்து கொதித்து வந்த ஒரு பெண் சொல்லொன்றால் அரக்கியாக்கப்பட்ட கதை, இராவணனுக்குக் கிடைத்ததைப் போன்ற ஒரு காவியத்துக்கு வேண்டிய அத்தனையும் கொண்டது. பால காண்டத்தில் ஒரு சில பாடல்களுக்குள் அது முடிந்துவிடுகிறது; அடுத்த பாடல்களில் இராமனின் அம்பு வருகிறது.